சடங்கும் சத்தமும்: ஓசைப்படாத காமிராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நம் வீட்டு விசேஷங்களில் சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. நாதஸ்வரம், தவில், குழந்தைகளின் ஓட்டம், சமையற்கட்டிலிருந்து வரும் அண்டா குண்டா ஒலி, "மாப்பிள்ளை வீட்டார் காப்பி சாப்பிட்டாச்சா?" என்ற விசாரிப்பு, எல்லாம் சேர்ந்ததுதான் கல்யாணம். இத்தனை ஆரவாரத்துக்கு நடுவில் ஒரு காமிராவின் 'க்ளக்' ஓசையா பெரிய விஷயம் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சடங்குகளைக் கொஞ்சம் காது கொடுத்துக் கவனித்தால் ஒன்று புரியும். ஒவ்வொரு சடங்கிலும் சத்தத்துக்கென்று ஓர் இடம் உண்டு. மௌனத்துக்கென்றும் ஓர் இடம் உண்டு. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் முழங்குகிறது. அந்த நேரத்தில் அபசகுனமான சொல் எதுவும் யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காகத்தான் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்போது பத்து காமிரா ஒரே சமயத்தில் 'சடசட'வென்று அடித்தாலும் யாருக்கும் கேட்காது. ஆனால் உபநயனத்தில் பிரம்மோபதேசம் நடக்கும்போது, பட்டுத்துணி மூடிய அந்தச் சிறு கூடாரத்துக்குள் தகப்பனார் பையனின் காதில் மந்திரத்தை மெல்லச் சொல்கிறார். பெயர்சூட்டு விழாவில் குழந்தையின் காதில் பெயரை மெதுவாகச் சொல்கிறார்கள். தேவாரம் ஓதி நடத்தும் திருமணத்தில் ஓதுவார் ஒருவரே குரல் கொடுக்க, சபை கேட்டுக்கொண்டிருக்கிறது. தேவாலயத்தில் மணமக்கள் சம்மதம் சொல்லும் நேரமும், நிக்காஹில் சம்மதம் கேட்கும் நேரமும் அப்படித்தான். இங்கேதான் காமிராவின் ஓசை ஊசி மாதிரி குத்துகிறது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. தில்லியிலோ புனேயிலோ வளரும் நம் பிள்ளைகள் ஒரு தமிழ்ச் சடங்கை முழுதாகக் கேட்பது வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். அந்த ஒரு தடவையும் காமிராக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஷட்டர் ஓசைக்கு நடுவில் அரையும் குறையுமாகக் கேட்டால் மனதில் என்ன தங்கும்? வரமுடியாத பாட்டி, கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ இருந்தபடி கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் காதுக்கு மந்திரம் போய்ச் சேருமா, காமிரா ஓசை போய்ச் சேருமா? வீடியோக் காமிராவின் மைக் பக்கத்தில் நிற்கும் புகைப்படக்காரரின் ஒவ்வொரு 'க்ளிக்'கும் அந்தப் பதிவில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். பின்னால் அதைப் பிரித்தெடுப்பது சுலபமில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

காமிராவுக்குள் எது சத்தம் போடுகிறது என்று தெரிந்துகொண்டால், எதை வாங்கலாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

இருபது வருஷமாக நம் கல்யாண மண்டபங்களில் அதிகம் காணப்பட்டது டி.எஸ்.எல்.ஆர். என்று அழைக்கப்படும் காமிரா. இதில் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கும். நாம் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்துக்கு ஒளியைத் திருப்பி அனுப்புவது அதுதான். பொத்தானை அழுத்தியதும் இந்தக் கண்ணாடி விசுக்கென்று மேலே தூக்கிக்கொள்கிறது, அடுத்து ஷட்டர் திரை திறந்து மூடுகிறது, பிறகு கண்ணாடி 'தட்'டென்று கீழே விழுகிறது, கடைசியாக ஒரு சிறு மோட்டார் ஷட்டரை அடுத்த படத்துக்குத் தயார் செய்கிறது. நான்கு வேலை, நான்கு சத்தம். நாம் 'க்ளக்' என்று ஒன்றாகக் கேட்பது உண்மையில் நான்கு ஓசைகளின் கூட்டணி. இதில் பெரும்பங்கு கண்ணாடியினுடையது.

பழைய காமிராக்கள் இவ்வளவு சத்தம் போடவில்லை என்று பெரியவர்கள் சொன்னால் நம்பலாம். ரோலைஃப்ளெக்ஸ், யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் காமிராக்களை நினைவிருக்கிறதா? கழுத்தில் மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து மேலிருந்து பார்த்துப் படம் எடுப்பார்களே, அதுதான். அதில் பார்ப்பதற்கு ஒரு லென்ஸ், படமெடுக்க இன்னொரு லென்ஸ். ஆகவே கண்ணாடி அசையவேண்டிய அவசியமே இல்லை. ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே, பூவிதழ் போலச் சிறுசிறு தகடுகளாக இருக்கும். இதை இதழ் ஷட்டர் என்று சொல்லலாம். தகடுகள் சின்னவை, எடை குறைந்தவை. அதனால் ஓசையும் 'டிக்' என்ற அளவில் நின்றுவிடும். ஒரு சுருளுக்குப் 12 படம் மட்டுமே என்பதால் சுட்டுத்தள்ளவும் முடியாது!

1925-இல் ஜெர்மனியில் வெளிவந்த லைக்கா இன்னொரு வழியைக் காட்டியது. கையடக்கமான காமிரா, கண்ணாடி கிடையாது, ரப்பர் பூசிய துணியாலான ஷட்டர் திரை. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாள் முழுதும் புகழ்பெற்றது இந்த லைக்காவோடுதான். அதன் பளபளப்பான உலோகப் பாகங்கள் யார் கண்ணையும் உறுத்தக்கூடாது என்று கறுப்பு நாடா ஒட்டி மறைத்திருந்தாராம். 1948 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்பு இதே தில்லியில் அவரைச் சந்தித்தவர் இவர். இறுதி ஊர்வலத்தையும் படமெடுத்தார். நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று: 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் திருவண்ணாமலை ஆசிரமத்தில் இருந்து படங்கள் எடுத்தவரும் இவர்தான். மரணம், துக்கம், பிரார்த்தனை போன்ற தருணங்களில் ஒரு காமிரா உள்ளே அனுமதிக்கப்படவேண்டுமானால், அதை வைத்திருப்பவரும் அடக்கமாக இருக்கவேண்டும், அந்தக் கருவியும் அடக்கமாக இருக்கவேண்டும்.

கண்ணாடி போனது, சத்தமும் போனது

2008-இல் பானசோனிக் நிறுவனம் ஜி1 என்ற காமிராவைக் கொண்டுவந்தது. லென்ஸை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் உள்ளே கண்ணாடி இல்லை. லென்ஸ் வழியே வரும் ஒளி நேராக சென்சார் மேல் விழுகிறது. அந்தப் பிம்பத்தைச் சிறு மின்திரையில் பார்த்துக்கொள்கிறோம். 'மிர்ரர்லெஸ்' என்று இன்று கடைகளில் சொல்வது இந்த வகையைத்தான். 2013-இல் சோனி ஏ7, 2018-இல் நிக்கானின் இசட் வரிசையும் கேனனின் ஆர் வரிசையும் வந்தபிறகு, பெரிய கம்பெனிகள் எல்லாம் புது முயற்சிகளை இந்தப் பக்கமே திருப்பிவிட்டன.

"கண்ணாடி இல்லையென்றால் சத்தமே இருக்காதே?" என்று எண்ணிவிடாதீர்கள். கண்ணாடிதான் போனது, ஷட்டர் திரை அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் சில மிர்ரர்லெஸ் காமிராக்களின் ஷட்டர் ஓசை, மௌன ஏற்பாடு உள்ள நல்ல டி.எஸ்.எல்.ஆரைவிடக் கூர்மையாகவே கேட்கும். ஆகவே வாங்கும்போது 'மிர்ரர்லெஸ்' என்ற பெயரை மட்டும் பார்த்தால் போதாது. அதில் எந்த ஷட்டர் முறைகள் இருக்கின்றன என்று கேட்கவேண்டும். அவை மூன்று:

முதலாவது, முழு இயந்திர ஷட்டர். திரை மூடி, திறந்து, மறுபடி மூடி, மறுபடி திறக்கும். சத்தம் அதிகம்.

இரண்டாவது, படத்தின் தொடக்கத்தை மின்னணு முறையிலும் முடிவை இயந்திரத் திரையாலும் செய்வது. கடைக்காரர்கள் 'எலெக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன்' என்பார்கள். திரையின் வேலை குறைவதால் ஓசையும் கணிசமாகக் குறையும்.

மூன்றாவது, முழு மின்னணு ஷட்டர். எதுவுமே அசையாது, சென்சாரே தன்னைத் தொடங்கி நிறுத்திக்கொள்கிறது. சுத்த மௌனம். 'சைலண்ட் ஷட்டர்' என்று மெனுவில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

அப்படியானால் மூன்றாவதையே எப்போதும் வைத்துக்கொள்ளலாமே? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. மௌனத்துக்கு ஒரு விலை உண்டு.

மௌனத்தின் விலை

பெரும்பாலான காமிராக்களில் சென்சார் ஒரே கணத்தில் முழுப்படத்தையும் படித்துவிடுவதில்லை. நாம் புத்தகம் படிப்பதைப் போல, மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை வரிசையாகப் படிக்கிறது. ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க, காமிராவைப் பொறுத்து, சுமார் 1/15 நொடியிலிருந்து 1/60 நொடி வரை ஆகலாம். நாம் ஷட்டர் வேகத்தை 1/1000 என்று வைத்தாலும், ஒவ்வொரு வரிக்கும்தான் அந்த 1/1000. பக்கம் முழுவதையும் படிக்க அதே 1/20 நொடிதான் ஆகும். இதனால் இரண்டு சிக்கல்கள் வருகின்றன.

ஒன்று, வேகமாக அசையும் பொருள் வளைந்து போகும். மேல் வரியைப் படிக்கும்போது ஓரிடத்தில் இருந்த தவில் குச்சி, கீழ் வரிக்கு வருவதற்குள் வேறிடத்துக்குப் போயிருக்கும். படத்தில் குச்சி வாழைநார் மாதிரி வளைந்து தெரியும். பரதநாட்டியத்தில் வேகமான ஜதிக்கு ஆடும் பெண்ணின் கை, ஊஞ்சலின் சங்கிலி, மாலை மாற்றும்போது மாமாக்கள் தோளில் தூக்கிய மணமக்கள், எல்லாம் இந்த ஆபத்துக்கு உட்பட்டவை.

இரண்டாவது சிக்கல் விளக்கு. இதை நிதானமாகப் பார்ப்போம். பலரும் பணத்தைக் கொட்டி ஏமாறுவது இங்கேதான். நம் நாட்டில் மின்சாரத்தின் அலைவு நொடிக்கு 50. இதனால் பழைய டியூப் லைட்டும், மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது. வரிவரியாகப் படிக்கும் சென்சாருக்குத் தெரியும். ஒரு வரி விளக்கு பிரகாசமாக இருக்கும்போது பதிவாகிறது, இன்னொரு வரி மங்கியிருக்கும்போது பதிவாகிறது. பக்கத்தைப் படிக்க 1/20 நொடி ஆகும் காமிராவில், அதற்குள் விளக்கு 5 தடவை மங்கிவிடும். ஆகவே படத்தின் குறுக்கே 5 கறுப்புப் பட்டைகள்! மணப்பெண் முகத்தில் ஒரு பட்டை, பட்டுப்புடவையில் ஒரு பட்டை. யார் திருப்பிக் கல்யாணம் பண்ணிக்கொள்வார்கள்?

இதற்கு மருந்து உண்டு. ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 என்று வைத்துவிட்டால், ஒவ்வொரு வரியும் விளக்கின் ஒரு முழுச் சுற்றையோ இரண்டு முழுச் சுற்றையோ பார்த்துவிடும். எல்லா வரிகளுக்கும் சம அளவு ஒளி, பட்டை வராது. 1/125 கூட வேண்டாம், 1/100 என்றே வையுங்கள். ஆனால் மேடையில் நிறம் மாறும் அலங்கார எல்.இ.டி. விளக்குகளும், பின்னால் ஒளிரும் எல்.இ.டி. திரைகளும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. அவை வேறு அலைவுகளில் துடிப்பவை. அங்கே முன்கூட்டியே ஒரு படம் எடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி. குத்துவிளக்கு, ஹோம அக்கினி, சூரிய வெளிச்சம் இவற்றால் பட்டை வராது. நம் முன்னோர் ஏற்பாடு அந்த விதத்தில் காமிராவுக்கும் அனுகூலம்!

இந்தக் குறைகளைத் தீர்க்கும் விலை உயர்ந்த காமிராக்களும் இருக்கின்றன. 2017-இல் வந்த சோனி ஏ9, சென்சாரை மிக வேகமாகப் படிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2021-இல் வந்த நிக்கான் இசட்9-இல் இயந்திர ஷட்டரே கிடையாது. சுமார் 1/250 நொடி அளவில் படித்து முடித்துவிடும் என்பதால் அதற்கு அவசியமும் இல்லை. 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III, எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதிவு செய்வது. இவையெல்லாம் தொழில்காரர்களுக்கானவை. வீட்டு விசேஷத்துக்காக இவற்றை வாங்குவது, காது குத்தலுக்கு யானை வரவழைப்பது போல.

சாதாரணக் குடும்பத்துக்கு அவ்வளவு தேவையில்லை என்பதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு. நான் பல வருஷங்களாகத் தில்லியில் நண்பர்கள் வீட்டு விசேஷங்களில் உட்கார்ந்து படமெடுத்துப் பார்த்ததில் தெளிவானது இது: எங்கே அசைவு அதிகமோ அங்கே சத்தமும் அதிகம், எங்கே மௌனமோ அங்கே அசைவும் குறைவு. கெட்டிமேளத்தின்போது எல்லாரும் எழுந்து அட்சதை போடுகிறார்கள். அப்போது இயந்திர ஷட்டரை 1/250-இல் வைத்துத் தாராளமாக எடுக்கலாம். சத்தம் மேளத்தில் அமுங்கிவிடும். கன்னிகாதானத்தின்போது எல்லாரும் அமர்ந்து அசையாமல் இருக்கிறார்கள். அப்போது மின்னணு ஷட்டரை 1/100-இல் வைத்தால் போதும். வளைவும் வராது, பட்டையும் வராது, சத்தமும் வராது. அரங்கேற்றத்திலும் இப்படித்தான்: ஜதிக்கு இயந்திர ஷட்டர், பதத்துக்கும் அபிநயத்துக்கும் மின்னணு ஷட்டர். ஆகவே நமக்கு வேண்டியது இரண்டு முறைகளும் உள்ள, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென்று மாறக்கூடிய காமிரா. பல காமிராக்களில் இத்தகைய அமைப்புகளைச் சேமித்து வைக்க சி1, சி2 என்றோ, யு1, யு2 என்றோ எழுதிய இடங்கள் திருகில் இருக்கும். ஒன்றை 'மேளம்' என்றும் மற்றதை 'மந்திரம்' என்றும் மனதில் வைத்துக்கொண்டால் குழப்பமே இராது.

சத்தமில்லாத காமிராவுக்கு வெளிச்சம் தரும் லென்ஸ்

பெரும்பாலான காமிராக்களில் முழு மின்னணு ஷட்டரை வைத்தால் ஃப்ளாஷ் எரியாது. எரிந்தாலும் அது மௌனத்துக்கு விரோதி. ஒவ்வொரு மின்னலுக்கும் வாத்தியார் கண்ணைச் சிமிட்டுவார், குழந்தை வீரிட்டு அழும். ஹோமப் புகைக்கு நடுவில் ஃப்ளாஷ் அடித்தால் முன்னால் உள்ள புகைதான் வெளுத்துப் பதிவாகும். பின்னால் இருக்கும் முகம் மங்கிவிடும்.

ஆகவே பணத்தைக் காமிராவின் உடலில் மட்டும் போடாமல், ஒரு பங்கை லென்ஸில் போடுங்கள். காமிராவோடு இலவசம் போலத் தரப்படும் ஜூம் லென்ஸ், நீட்டிய நிலையில் பெரும்பாலும் எஃப்/5.6 துளைதான் தரும். எஃப்/1.8 உள்ள 50 மி.மீ. லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கும் மேலான ஒளியை உள்ளே விடும். பல கம்பெனிகளின் வரிசையிலும் மலிவாகக் கிடைக்கும் லென்ஸ்களில் இதுவும் ஒன்று. ஜூம் கிடையாதே என்று தயங்கவேண்டாம். ஹோம குண்டத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஓரிடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டால், தம்பதியின் முகமும் கையும் அழகாக அடங்கும். லென்ஸ் வாங்கும்போது அதன் ஃபோகஸ் மோட்டாரையும் காதருகே வைத்துக் கேளுங்கள். பழைய லென்ஸ்கள் சில 'கிர்ர்' என்று அரைக்கும். காமிரா மௌனமாக இருந்து லென்ஸ் கத்தினால் என்ன பயன்?

யாருக்கு எது?

ஏற்கெனவே டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் உடனே விற்றுவிட வேண்டாம். 2012-இல் வந்த கேனன் 5டி மார்க் III, 6டி ஆகியவற்றில் 'சைலண்ட்' என்ற ஏற்பாடு உண்டு. கண்ணாடி நிதானமாக அசைவதால் ஓசை மட்டுப்படும். நிக்கான் காமிராக்கள் பலவற்றின் திருகில் 'க்யூ' என்ற எழுத்து இருக்கும். அதில் வைத்தால், பொத்தானை அழுத்தியபடி இருக்கும்வரை கண்ணாடி கீழே விழாது. படமெடுத்துவிட்டு அப்படியே பிடித்திருந்து, மந்திரத்தின் அடுத்த வரியோ நாதஸ்வரமோ எழும்போது விரலை விட்டால், பாதிச் சத்தம் அதில் கரைந்துவிடும். செலவில்லாத வித்தை. 2017-இல் வந்த நிக்கான் டி850-இல் பின்திரையைப் பார்த்து எடுக்கும்போது முழு மௌனமே சாத்தியம்.

குடும்பத்தோடு நெருங்கி உட்கார்ந்து எடுப்பவர்களுக்கு, ஃபூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை பொருத்தமானது. 2011-இல் விற்பனைக்கு வந்த முதல் மாடலிலிருந்து 2024-இன் எக்ஸ்100 VI வரை எல்லாவற்றிலும், பழைய யாஷிகா போலவே லென்ஸுக்குள் இதழ் ஷட்டர். வரிவரியாகத் திறப்பதில்லை என்பதால் வளைவும் இல்லை, பட்டையும் இல்லை. ஓசையோ நகத்தால் மேஜையைத் தட்டும் அளவுதான். 2014-இன் எக்ஸ்100 டி முதல் முழு மின்னணு ஷட்டரும் சேர்ந்துகொண்டது. ஒரே குறை, லென்ஸை மாற்றமுடியாது; கோணம் அகலமானது; கிட்டத்தில் உட்கார்ந்தால்தான் முகம் பெரிதாக வரும். வீட்டு உபநயனத்துக்கும் வளைகாப்புக்கும் போதும்; ஐந்நூறு பேர் கூடும் மண்டபத்துக்குப் போதாது.

எல்லா வேலைக்கும் ஒரே காமிரா வேண்டும் என்பவர்கள், 2018 முதல் வந்த நடுத்தர மிர்ரர்லெஸ் ஒன்றைப் பார்க்கலாம். நிக்கான் இசட்6, சோனி ஏ7 III போன்றவை பழைய சந்தையிலும் கிடைக்கின்றன. தில்லிக்காரர்களுக்குச் சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி, கல்கத்தாக்காரர்களுக்கு மெட்ரோ கலி என்று ஆங்காங்கே காமிராக் கடை வீதிகள் உண்டு. பேரம் பேசத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.

"கைபேசி போதாதா சார்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். போதும், பல நேரங்களில். கைபேசியில் அசையும் ஷட்டரே கிடையாது. நாம் கேட்கும் 'க்ளிக்' வெறும் ஒலிப்பதிவு. சத்தத்தை அணைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் இருட்டான கூடத்தில் ஒளிரும் திரையும், எல்லார் பார்வைக்கும் குறுக்கே நீளும் கையும், சத்தத்தைவிடப் பெரிய தொந்தரவு. வெளிச்சத்தைக் குறைத்து, நெஞ்சளவில் பிடித்து எடுத்தால் யாருக்கும் இடைஞ்சலில்லை.

கடையில் பார்க்கவேண்டிய சோதனைகள்

கடை வீதியின் இரைச்சலில் எந்தக் காமிராவும் மௌனமாகத்தான் தெரியும். ஆகவே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மாடிப்படிக்கோ உள்ளறைக்கோ எடுத்துப் போங்கள். வேறொருவரை அழுத்தச் சொல்லி, நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளி நின்று கண்ணை மூடிக் கேளுங்கள். மெத்தென்ற தாழ்ந்த ஓசை பரவாயில்லை. உலோகம் உரசுவது போன்ற கீச்சு ஒலிதான் கூட்டத்தில் துளைத்துக்கொண்டு கேட்கும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபல் குறையும். சுவர்கள் எதிரொலிக்கும் அறையில் அவ்வளவு குறையாது. ஆகவே ஓர் அடி பின்னால் நகர்வதும் ஒரு மௌன உபாயம்தான்.

அடுத்து, மின்னணு ஷட்டரை வைத்து, 1/1000 வேகத்தில் கடையின் எல்.இ.டி. விளக்கையும் டியூப் லைட்டையும் எடுத்துப் பாருங்கள். பட்டை எத்தனை விழுகிறது? 1/100-இல் மறைகிறதா? பிறகு சுழலும் மின்விசிறியை எடுத்துப் பாருங்கள். இறக்கைகள் எவ்வளவு கோணலாக வருகின்றனவோ அவ்வளவு மெதுவாகப் படிக்கும் சென்சார் என்று அர்த்தம். ஐந்து நிமிஷச் சோதனை. விளம்பரத் தாளைவிட அதிகம் சொல்லும்.

வாங்கி வந்ததும் செய்யவேண்டியவை: ஃபோகஸ் ஆனதும் ஒலிக்கும் 'பீப்' ஓசையை அணையுங்கள். இருட்டில் தானே எரியும் ஃபோகஸ் உதவி விளக்கை அணையுங்கள். மணப்பெண் கண்ணில் நேராக அடிப்பது அதுதான். பின்திரையை அணைத்துவிட்டுக் கண் துவாரத்தில் பாருங்கள். பையை முன்பே திறந்து வையுங்கள். பையின் வெல்க்ரோ 'பர்ர்ர்' என்று கிழிவது எந்த ஷட்டரையும் தோற்கடிக்கும்.

மௌனம் வேறு, மறைவு வேறு

சத்தமில்லாத காமிரா கையில் வந்ததும் ஒரு பொறுப்பும் கூடவே வருகிறது. 'க்ளிக்' ஓசைக்கு ஒரு நன்மை இருந்தது: படமெடுக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஜப்பானிலும் கொரியாவிலும் விற்கப்பட்ட கைபேசிகள் பலவற்றில் ஷட்டர் ஒலியை அணைக்கமுடியாதபடி வைத்ததே, திருட்டுத்தனமாக எடுப்பதைத் தடுக்கத்தான். ஓசை போய்விட்டால் அந்த எச்சரிக்கையும் போய்விடுகிறது.

ஆகவே சடங்கு தொடங்குமுன் வாத்தியாரிடமோ ஓதுவாரிடமோ பாதிரியாரிடமோ போய், "இன்ன இடத்தில் உட்கார்ந்து எடுக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். தூங்கும் பாட்டி, பாலூட்டும் தாய், புடவையைச் சரிசெய்யும் பெண், அழும் தகப்பனார், இவர்கள் பக்கம் காமிரா திரும்புமுன் ஒரு கண நேரமாவது யோசிக்கவேண்டும். துக்க வீட்டில், கேட்டுக்கொண்டாலொழிய எடுக்கவே வேண்டாம். எடுத்த படத்தைப் பலருக்கும் அனுப்புமுன் வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை. சபையின் நிம்மதிக்காகத்தான் இந்த மௌனம். எடுப்பவரின் சௌகரியத்துக்காக அல்ல.

கூலிக்கு வரும் புகைப்படக்காரருக்கு

நாமே எடுக்காமல் உள்ளூர்க்காரரை அமர்த்துவதுதான் வெளிமாநிலத்தில் பெரும்பாலும் நடப்பது. அவர்கள் கெட்டிக்காரர்கள். ஜயமாலாவும் ஃபேராவும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் காசி யாத்திரை எப்போது, அம்மி மிதிப்பது எப்போது, எதற்குப் பிறகு தாலி என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. எந்த நிமிஷம் முக்கியம் என்று தெரியாதவர், எல்லா நிமிஷத்தையும் சுட்டுத்தள்ளுவார். சத்தத்துக்கு முக்கியமான காரணம் காமிராகூட இல்லை, இந்தத் தெரியாமைதான்.

இதற்கு வழி எளிது. முந்தின நாள் அரைப்பக்கத்தில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள்: சடங்கின் பெயர், சுமார் நேரம், யார் எங்கே உட்காருவார்கள், எதைப் படமெடுக்கவேண்டும், அது சத்தமான நேரமா மௌனமான நேரமா. மௌனமான இடங்களுக்கு நேராகச் சிவப்பு மையில் கோடு போடுங்கள். "பையா, இஸ் டைம் ஸைலண்ட் மோட், ஃப்ளாஷ் பந்த்" என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. பலருடைய காமிராவில் அந்த வசதி இருந்தும், யாரும் கேட்காததால் அவர்கள் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான். குடும்பத்தில் ஓர் இளைஞரை அவர் பக்கத்தில் நிறுத்தி, "அடுத்தது இது" என்று காதோடு சொல்ல வைத்தால் இன்னும் நல்லது. அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் சாக்கில் அந்த இளைஞரும் சடங்கின் வரிசையைக் கற்றுக்கொண்டுவிடுவார். பெரியவர்களிடம் போய் "அடுத்தது என்ன தாத்தா? ஏன் அப்படி?" என்று கேட்கவேண்டி வருமே!

ஊரை விட்டு வந்த நமக்குச் சடங்குகளில் பாதி சுருங்கிவிட்டது. நாலு நாள் கல்யாணம் ஒன்றரை நாளாயிற்று. ஒன்றரை நாள் அரை நாளாகிக்கொண்டிருக்கிறது. மிச்சமிருப்பதையாவது வந்தவர்கள் கேட்கும்படி நடத்தவேண்டாமா? ஆல்பம் அழகாக வரவேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பத்து வருஷம் கழித்துப் பார்க்கும் பையனுக்கு, அப்பா தன் காதில் சொன்னதும் சேர்ந்து ஞாபகம் வரவேண்டும். காமிரா வாங்கப் போகும்போது இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் குழப்பம் வராது.